புண் ஆறுவது எதனால்?

(காரைக்காலில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



சுவர்க்கத்தைப் பற்றியோ நரகத்தைப் பற்றியோ பேச நான் வரவில்லை. காலில் உள்ள புண்ணைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நம் பக்கத்தில் சேற்றில் நின்று நாற்று நடுகிறவர்களும், மீன் முள்ளும் வலைக்கயிறும் கையைக் கிழிக்கக் கடலுக்குப் போகிறவர்களும், சர்க்கரை நோயால் கால் மரத்துப் போனவர்களும் ஏராளம். இவர்களுக்கு மோட்சத்தைவிடப் புண் ஆறுவதல்லவா அவசரமான காரியம்?

விஞ்ஞானிகள் இப்பொழுது புண்ணுக்கு ஒரு புதுவிதக் கட்டு உண்டாக்குகிறார்கள். கொத்தனார் சுவர் எழுப்பச் சாரம் கட்டுகிறார் அல்லவா? அதுபோல், புதுச் சதை பற்றி ஏறி வளர்வதற்கு நாரினால் கட்டுகிற சாரம் இது. சோளமாவின் சர்க்கரையைப் புளிக்கவைத்து லாக்டிக் அமிலம் எடுக்கிறார்கள்; தயிரில் புளிப்பாக இருப்பதும் அதுதான். அதைப் பிசினாக்கிக் கரைத்து, ஊசிமுனை வழியே தள்ளி, ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரத்தால் நூலாக இழுக்கிறார்கள். அந்த நூல் தலைமயிரின் பருமனில் நூறில் ஒரு பங்குகூட இராது. இம்மாதிரி நூல் இழுப்பதற்கு 1934-லேயே பார்ம்ஹால்ஸ் என்பவர் அமெரிக்காவில் உரிமை பெற்றிருக்கிறார். நூலோடு மூலிகைச் சத்தையும் கலந்து விடுகிறார்கள். சத்து சிறுகச் சிறுகக் கசிகிறது, சதை வளர்கிறது, சாரம் தானே கரைந்து போகிறது. சாதாரணத் துணிக்கட்டைப் பிரிக்கும்போது புதுச் சதையும் பிய்ந்து வருகிறதே, அந்தத் தொல்லையைத் தவிர்ப்பதே இதன் நோக்கம்.

வெகு தூரம் போக வேண்டாம். தஞ்சாவூர் சாஸ்திரா பல்கலைக் கழகத்தில் இத்தகைய நுண்நார் ஆராய்ச்சி நடக்கிறது. சென்னையில் 1948-ல் ஏற்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தார் தோலிலுள்ள கொல்லாஜன் என்னும் சத்தைப் பிரித்துப் புண்கட்டு செய்திருக்கிறார்கள். தோலைத் தொட்டவனைத் தீண்டாதே என்றார்கள். இன்று அந்தத் தோலின் சத்து எல்லா ஜாதியார் புண்ணையும் மூடுகிறது!

இதைக் கேட்டவுடன் ஒரு கூட்டத்தார், “மூலிகையின் குணத்தை எங்கள் ரிஷிகள் அன்றே சொன்னார்கள்” என்று கிளம்புவார்கள். நான் கேட்கிறேன்: வயல் வரப்பில் முளைக்கிறதே, வெட்டுக்காயப் பூண்டு என்றும் மூக்குத்திப் பூண்டு என்றும் சொல்கிறோமே, அது எந்த நாட்டுச் செடி? அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1492-ல் கொலம்பஸ் அங்கே போனதற்குப் பிறகுதான் அது நம் நாட்டுக்கு வந்திருக்க முடியும். அப்படியிருக்க, எந்த ரிஷி எந்த ஞானதிருஷ்டியால் அதைக் கண்டார்? கதிர் அறுக்கையில் கையை அறுத்துக்கொண்டவர்கள் கசக்கி வைத்துப் பார்த்தார்கள், இரத்தம் நின்றது, பக்கத்து வயல்காரருக்குச் சொன்னார்கள். வேறு எப்படி வந்திருக்கும் இந்த அறிவு?

புண்ணைத் தொட்டு மருந்திட்டவர் யார்? நாவிதர். பிள்ளைப்பேறு பார்த்தவர் யார்? அவர் வீட்டுப் பெண். இரத்தமும் சீழும் தீட்டு என்று ஒதுங்கினவன் மேல்ஜாதி. தொட்டு ஆற்றினவர் கீழ்ஜாதி! இந்த அக்கிரமத்தால் கைவேலை அறிவு ஏட்டில் ஏறவில்லை. ஏட்டு அறிவு கைக்கு வரவில்லை.

இதனால் வந்த நஷ்டத்தைப் பாருங்கள். மஞ்சள் புண் ஆற்றும் என்பதற்கு 1995-ல் அமெரிக்காவிலுள்ள மிசிசிப்பி பல்கலைக் கழக மருத்துவ மையத்தார் தனியுரிமை பெற்றுவிட்டார்கள். நம் விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கழகம் 1996-ல் எதிர்த்து வாதாடியது; 1997-ல் அது ரத்தாயிற்று. எதைக் காட்டி ஜெயித்தார்கள்? எழுத்தில் இருந்த 32 ஆதாரங்களைக் காட்டி! பாட்டி சொன்னாள் என்றால் அங்கே செல்லாது. இந்த ஊரை 1954 வரை ஆண்ட பிரெஞ்சுக்காரர் என்ன செய்தார்கள்? நாம் துவையல் அரைக்கிற அதே வல்லாரை மடகாஸ்கர் தீவிலும் விளைகிறது. அதைச் சோதித்து, சத்தைப் பிரித்து, அளவு கட்டி, மடேகாசோல் என்று புண்ணுக்கு மருந்தாக்கினார்கள். குருவுக்கும் சீடனுக்கும் மட்டும் என்று ரகசியமாக வைத்த வைத்தியம் அவர்களோடு செத்துப் போகும். சோதித்து எழுதினதே உலகத்துக்கு உதவும்.

நாமோ புண்ணில் திருநீறும் சாணமும் அப்புகிறோம்! மண்ணிலும் சாணத்திலும் ரண ஜன்னிக் கிருமி உண்டு. தொப்புள்கொடியில் சாம்பல் வைத்துச் சாகக் கொடுத்த சிசுக்கள் எத்தனை! தாய்க்கு ஊசியும் சுத்தமான பிரசவமும் வந்த பிறகே, 2015-ல் தாய் சேய் ரண ஜன்னி இந்தியாவில் ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் ஏற்றது. எந்த விபூதியும் இதைச் செய்யவில்லை. திருநள்ளாற்று நளன் குளத்தில் புண்காலோடு முங்கினால் சனி போகிறதோ இல்லையோ, சீழ் பிடிக்க வழி பிறக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூலிகை என்றால் கெடுதலே இல்லை என்பதும் மூடநம்பிக்கைதான். விஞ்ஞானத்தின் பெயரைச் சொன்னால் எதையும் நம்புவதும் அப்படியே. மூலிகை கலந்த நார்க் கட்டுகளில் பெரும்பாலானவை இன்னும் எலிகளின்மேல் சோதனையில்தான் இருக்கின்றன. மனிதருக்கு ஆகும் என்று நிரூபித்த பிறகே ஏற்க வேண்டும். அதுவரை சோப்பும் சுத்தமான தண்ணீரும் விட்டுக் கழுவுங்கள். சலவைத் துணியால் கட்டுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போடுங்கள். சர்க்கரை நோயுள்ள தோழர்கள் காலையில் சாமி படத்தைப் பார்க்குமுன் தங்கள் உள்ளங்காலைப் பாருங்கள்!

யார் சொன்னாலும், நான் சொன்னாலும், சோதித்துப் பார்த்தே ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டு முடித்துக்கொள்கிறேன்.