டாஷ்போர்டில் விளக்கு எரிந்தால் வீட்டிலேயே என்ன பார்க்கலாம்?

(சொந்த வண்டி வைத்திருக்கும் குடும்பங்களுக்காக நமது அறக்கட்டளை அஸர் தொழுகைக்குப் பின் நடத்திய கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





கல்வி உதவி, மருத்துவ முகாம் என்றுதான் இந்த இடத்தில் வழக்கமாகப் பேசுவோம். இன்று காரைப் பற்றிப் பேசப் போகிறோம். "அறக்கட்டளைக்கும் கார் ரிப்பேருக்கும் என்ன சம்பந்தம் பாய்?" என்று ஒருவர் வாசலிலேயே கேட்டார். சம்பந்தம் இருக்கிறது. வட்டியில்லாக் கடன் கேட்டு வரும் விண்ணப்பங்களைப் படிப்பவன் நான். ஆஸ்பத்திரிச் செலவு, கல்லூரிக் கட்டணம் இவற்றோடு "வண்டி இன்ஜின் போய்விட்டது" என்ற காரணமும் அதில் வருகிறது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் நம்மவர்களில் பலருக்குப் பழைய ஆம்னியும் இண்டிகாவும் சாண்ட்ரோவும்தான் பிழைப்பு. வண்டி நின்றால் அடுப்பும் நின்றுவிடும்.

நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு சகோதரர் ஆம்னியில் கடைகளுக்குச் சரக்கு போடுபவர். திருநின்றவூரிலிருந்து திரும்பும்போது பட்டாபிராம் அருகே சிவப்பு ஆயில் விளக்கு எரிந்திருக்கிறது. "வீடு பக்கம்தானே, போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஓட்டினார். ஆவடி வருவதற்குள் இன்ஜின் ஜாம். ஒரு லிட்டர் ஆயிலோடு முடிந்திருக்கலாம். இன்ஜினை இறக்கி வேலை பார்க்கும் செலவாகிவிட்டது. வண்டி ஷெட்டில் கிடந்த நாட்களில் வருமானமும் இல்லை.

விளக்கைக் கண்டும் காணாமல் ஓட்டுவது தவக்குல் ஆகாது. அது ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு வானத்தைப் பார்ப்பது. அதே சமயம், எந்த விளக்கு எரிந்தாலும் பதறிப்போய், சொன்ன பாகத்தையெல்லாம் மாற்றிப் பணத்தைக் கரைப்பதும் சரியல்ல. இரண்டுக்கும் நடுவில் வீட்டு வாசலிலேயே நாம் செய்யக்கூடிய சோதனைகள் இருக்கின்றன.

முதலில் நிறம். சிவப்பு என்றால் உடனே பாதுகாப்பாக ஓரம் கட்ட வேண்டும். மஞ்சள் என்றால் ஓட்டலாம், ஆனால் சீக்கிரம் பார்க்க வேண்டும். பச்சையும் நீலமும் வெறும் தகவல்: இண்டிகேட்டர், ஹை பீம் போன்றவை.

அடுத்தது சாவிச் சோதனை. இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை 'ஆன்' வரை மட்டும் திருப்புங்கள். ஆயில் விளக்கும் பேட்டரி விளக்கும் எரிய வேண்டும். செக் இன்ஜின் விளக்கு உள்ள வண்டியில் அதுவும் எரிய வேண்டும். ஸ்டார்ட் செய்ததும் சில நொடிகளில் அணைந்துவிட வேண்டும். சாவியைத் திருப்பும்போதே ஒரு விளக்கு எரியவில்லை என்றால், பல்பு போயிருக்கிறது அல்லது யாரோ அதைக் கழற்றியிருக்கிறார்கள். பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள். கோளாறை மறைக்க விளக்கையே எடுத்துவிட்டு விற்பவர்களும் உண்டு.

இப்போது சிவப்பு விளக்குகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஆயில் விளக்கு. இது ஆயிலின் அளவைச் சொல்வதில்லை, ஆயிலின் அழுத்தத்தைச் சொல்கிறது. அழுத்தம் இல்லையென்றால் உள்ளே இரும்போடு இரும்பு உரசுகிறது. எரிந்ததும் ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். மேடு பள்ளம் இல்லாத இடத்தில் பத்து நிமிடம் பொறுத்து, டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி முழுக்க விட்டு எடுத்துப் பாருங்கள். இரண்டு குறிகளுக்கு நடுவில் ஆயில் இருக்க வேண்டும். கீழே இருந்தால், வண்டிப் புத்தகத்தில் சொன்ன தர ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, ஸ்டார்ட் செய்து விளக்கு அணைகிறதா பாருங்கள். அணைந்தாலும் வேலை முடியவில்லை. ஆயில் எங்கே போனது? தரையில் சொட்டுகிறதா, சைலன்சரில் நீலப் புகை வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஆயில் சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால் ஸ்டார்ட் செய்யவே கூடாது. வெறும் சுவிட்ச் கோளாறாகவும் இருக்கலாம், ஆயில் பம்ப் கோளாறாகவும் இருக்கலாம். மெக்கானிக் கேஜ் வைத்து அழுத்தத்தை அளந்தால்தான் தெரியும். அதுவரை வண்டியைக் கட்டி இழுத்துத்தான் போக வேண்டும்.

சூட்டு விளக்கு, அல்லது சூட்டு முள் சிவப்புக்குப் போவது. ஏசியை அணைத்து, ஓரம் கட்டி, இன்ஜினை நிறுத்துங்கள். ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் கொதிநீர் முகத்தில் பீறிடும். குறைந்தது அரை மணி நேரம் ஆற விட்டு, பக்கத்து டப்பாவில் கூலன்ட் இருக்கிறதா, ஹோஸ் கிழிந்திருக்கிறதா, பெல்ட் அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் விரிசல் விடக்கூடும். நம் வீட்டுப் போர் தண்ணீரின் உப்பு ரேடியேட்டருக்குள் பாறையாகப் படிந்து அடைத்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பேட்டரி விளக்கு. படம் பேட்டரி மாதிரி இருந்தாலும், அது சொல்வது 'சார்ஜ் ஏறவில்லை' என்பதை. நேராகப் போய்ப் புதுப் பேட்டரி வாங்கிவிடாதீர்கள். முதலில் பெல்ட்டைப் பாருங்கள். சில வண்டிகளில் அதே பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் சுற்றும். அது அறுந்தால் கொஞ்ச தூரத்திலேயே இன்ஜின் கொதிக்கும். அடுத்து பேட்டரி டெர்மினலைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், நெகட்டிவை முதலில் கழற்றி, பிறகு பாசிட்டிவைக் கழற்றி, ஆப்ப சோடா கரைத்த தண்ணீரால் துடைத்து, காய்ந்ததும் பாசிட்டிவை முதலில் மாட்டி, நெகட்டிவைக் கடைசியில் மாட்டுங்கள். மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள்.

பிறகு மல்டிமீட்டர். சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். டிசி 20 வோல்ட்டில் வைத்து பேட்டரியின் இரு முனைகளிலும் தொடுங்கள். வண்டி சில மணி நேரம் நின்றிருந்தால் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதிதான் சார்ஜ். இன்ஜின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். ஓடும்போதும் 12-லேயே நின்று இறங்கிக்கொண்டே போனால் ஆல்டர்நேட்டர், அதன் ரெகுலேட்டர், ஃபியூஸ், ஒயர் இவற்றில் ஒன்று. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது. பேட்டரி கொதித்துக் கெடும். நம் ஊருக்கு இது அந்நியமான விஷயமே அல்ல. ஆல்டர்நேட்டரும் ஸ்டார்ட்டர் மோட்டாரும் செய்யும் லூகாஸ் டிவிஎஸ் 1961-இல் தொடங்கியது, இங்கே பாடியில்தான். பிரேக்ஸ் இந்தியாவும் பாடியில்தான்.

பிரேக் விளக்கு. முதலில் ஹேண்ட் பிரேக் முழுதாக இறங்கியிருக்கிறதா பாருங்கள். அதன் சுவிட்ச் சிக்கியிருந்தாலும் விளக்கு எரியும். அது சரியென்றால் பானட்டுக்குள் பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். பேடு தேயத் தேய ஆயில் மெல்ல இறங்கும். அதனால் ஊற்றி நிரப்பினால் விளக்கு அணையும், பேடு அப்படியே இருக்கும். வேகமாக இறங்கியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது. நான்கு சக்கரங்களின் உட்புறமும் ஈரம் இருக்கிறதா பாருங்கள். டாட் 3, டாட் 4 என்று மூடியில் எழுதியிருப்பதைத்தான் ஊற்ற வேண்டும். பெடலை மிதிக்கும்போது 'பொதபொத' என்று உள்ளே போனால், பக்கத்துத் தெருவுக்குக்கூட அந்த வண்டியை எடுக்கக் கூடாது. பணமோ இன்ஜினோ போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். இங்கே பேச்சு உயிரைப் பற்றியது, நம் உயிர் மட்டுமல்ல, சாலையில் நடந்து போகிறவரின் உயிரும்.

இனி மஞ்சள் நிறத்தில் எரியும் செக் இன்ஜின் விளக்கு. பலர் குழம்புவது இதில்தான். விட்டு விட்டு மினுக்கினால் ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் வெளியே போகிறது. அது சைலன்சர் வழியில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதை நாசமாக்கும். வேகத்தைக் குறைத்து, கூடிய சீக்கிரம் நிறுத்துங்கள். மினுக்காமல் நிலையாக எரிந்தால், வேறு சிவப்பு விளக்கு இல்லாமல் வண்டியும் சரியாக ஓடினால், வீடு வரலாம்.

வீட்டில் என்ன செய்வது? இந்தியாவில் 2010 ஏப்ரலில் ஓபிடி முறை கார்களுக்கு வந்தது. 2013 ஏப்ரலில் அதன் அடுத்த கட்டம் கட்டாயமானது. அதற்குப் பிந்தைய வண்டிகளில் ஸ்டியரிங்குக்குக் கீழே பதினாறு துளை உள்ள சாக்கெட் இருக்கும். ப்ளூடூத் ஸ்கேனர் ஒன்றை அதில் சொருகி, போனில் ஆப் வழியாகக் கோளாறு எண்ணைப் படிக்கலாம். ஆளுக்கொன்று வாங்க வேண்டியதில்லை, ஒரு தெருவுக்கு ஒன்று போதும். அதற்கு முந்தைய வண்டிகள் சிலவற்றில் கம்பெனிக்கென்று தனி சாக்கெட் இருக்கும். அதற்குரிய ஸ்கேனர் உள்ள கடைக்குத்தான் போக வேண்டும். கார்புரேட்டர் வைத்த பழைய அம்பாசடரிலும் மாருதி 800-லும் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

ஒன்றை நன்றாக மனதில் வையுங்கள். அந்த எண் கெட்டுப்போன பாகத்தின் பெயர் அல்ல. எங்கே வலிக்கிறது என்று நோயாளி காட்டுவது போன்றது அது. பி0301 என்றால் முதல் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று மட்டும் பொருள். காயிலா, பிளக்கா, இன்ஜெக்டரா என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள வண்டியென்றால் செலவில்லாத வழி இருக்கிறது. இன்ஜின் ஆறியதும் முதல் காயிலையும் இரண்டாம் காயிலையும் இடம் மாற்றி, எண்ணை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். இப்போது பி0302 வந்தால், கோளாறு காயிலோடு சேர்ந்து இடம் மாறியிருக்கிறது, காயில்தான் குற்றவாளி. மறுபடியும் பி0301 வந்தால் காயில் நல்லது. அடுத்து பிளக்கை அப்படி மாற்றிப் பாருங்கள்.

எண்ணை அழிப்பதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அழித்துவிட்டால் விளக்கு அணையும், நோய் அப்படியே இருக்கும். மெக்கானிக்குக் காட்டவும் ஒன்றும் இருக்காது. வீடியோக்களில் "பெட்ரோல் மூடியை இறுக்குங்கள், விளக்கு போய்விடும்" என்பார்கள். அவை பெரும்பாலும் அமெரிக்க வண்டிகள். அங்கே பெட்ரோல் ஆவிக் கசிவைச் சோதிக்கும் ஏற்பாடு வண்டியில் கட்டாயம். இறுக்கிப் பார்ப்பதில் நஷ்டமில்லை, அதையே நம்பி இருக்க வேண்டாம்.

நம் பகுதிக்கென்று இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று எலி. வாசலில் பல நாள் நின்ற வண்டியில் திடீரென்று இரண்டு மூன்று விளக்குகள் சேர்ந்து எரிந்தால், பானட்டைத் திறந்து ஒயர்களைப் பாருங்கள். இன்னொன்று தண்ணீர். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் நாம் பட்டது தெரியும். தண்ணீர் உள்ளே ஏறிய வண்டியை 'ஒருமுறை ஸ்டார்ட் செய்து பார்ப்போம்' என்று சாவியைத் திருப்பாதீர்கள். இன்ஜினுக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு மெக்கானிக்கை வரவழையுங்கள். தண்ணீர் வடிந்து வாரங்கள் கழித்து ஏபிஎஸ், ஏர்பேக் விளக்குகள் எரிந்தால், கனெக்டரில் துரு ஏறியிருக்கலாம் என்று அவரிடம் சொல்லுங்கள். ஏர்பேக் ஒயரில் மட்டும் நாமாகக் கை வைக்கக் கூடாது.

சாலையில் நின்றுவிட்டால்? வெளிவட்டச் சாலையிலும் பெங்களூர் சாலையிலும் லாரிகளின் வேகம் நமக்குத் தெரியும். ஹசார்டு விளக்கைப் போட்டு, முக்கோணப் பலகையைப் பின்னால் தள்ளி வைத்து, பெண்களையும் பிள்ளைகளையும் வண்டியிலிருந்து இறக்கி, சாலையை விட்டு ஒதுங்கி நிற்க வையுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் 1033-ஐ அழைக்கலாம்.

மெக்கானிக்குகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்களில் பலர் நம் வீட்டுப் பிள்ளைகள். கரி படிந்த கையோடு ஹலாலாகச் சம்பாதிப்பவர்கள். சந்தேகத்தோடு போகாதீர்கள், தகவலோடு போங்கள். "என்ன விளக்கு, எப்போது எரிந்தது, என்ன எண் வந்தது, நான் என்ன பார்த்தேன்" என்று நாலு வரி எழுதிக்கொண்டு போனாலே அவர் வேலை பாதி குறையும். மாற்றும் முன் "என்ன சோதனை செய்து இந்த முடிவுக்கு வந்தீர்கள் தம்பி?" என்று மரியாதையாகக் கேளுங்கள். கழற்றிய பழைய பாகத்தை வாங்கிக்கொள்ளுங்கள். மெக்கானிக் சகோதரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: வண்டியை உங்களிடம் விட்டுப் போகிறவர் ஓர் அமானத்தை விட்டுப் போகிறார்.

பாடித் தொழிற்சாலைகளிலும், அம்பத்தூர் எஸ்டேட்டிலும், ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் இந்தச் சபையில் இருக்கிறீர்கள். மாதம் ஒரு ஞாயிறு, ஒரு மணி நேரம் நம் இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். மல்டிமீட்டர் ஒன்றும் ஸ்கேனர் ஒன்றும் வாங்கி அலுவலகத்தில் வைக்க நிர்வாகத்திடம் கேட்டிருக்கிறேன். வந்ததும், இன்ஷா அல்லாஹ், கையெழுத்துப் போட்டு யாரும் எடுத்துப் போகலாம். மறுநாள் திருப்பித் தந்துவிட வேண்டும்.

இன்று வீட்டுக்குப் போனதும் எல்லோரும் ஒரு காரியம் மட்டும் செய்யுங்கள். சாவியை 'ஆன்' வரை திருப்பி, எந்தெந்த விளக்கு எரிகிறது, எது அணைகிறது என்று பாருங்கள். வண்டி ஓட்டாத சகோதரிகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டுங்கள். ஓட்டுகிறவர் சாலையைப் பார்க்கும்போது, அந்தச் சிவப்பைப் பக்கத்து சீட்டில் இருப்பவர் முதலில் பார்க்கக்கூடும்.

அல்லாஹ் நம் பயணங்களையும் நம் ரிஸ்கையும் பாதுகாப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.