வெள்ளம் வடிந்த பிறகு நம் வேலை
(தோட்டக் கிளைப் பொதுக்கூட்டத்தில் கிளைச் செயலாளர் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இன்று நான் சேற்றைப் பற்றிப் பேசப் போகிறேன். ஆண்டு முடிவு மழை தொடங்கும் முன் இதைப் பேசியாக வேண்டும்.

இந்த நாட்டுக்கு வெள்ளம் புதிதல்ல. 1926-ம் ஆண்டின் பெருவெள்ளத்தைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1971 ஜனவரியில் கோலாலம்பூரே மூழ்கியது. 2014 டிசம்பரில் கிளந்தான் மக்கள் பட்ட பாட்டை நாடே பார்த்தது. 2021 டிசம்பரில் சிலாங்கூரிலும் பகாங்கிலும் பெருகிய வெள்ளத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்த வெள்ளத்தின் நஷ்டம் 610 கோடி வெள்ளி என்று புள்ளிவிவர இலாகா கணக்கிட்டது. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் ஜனங்கள் வீட்டுக் கூரைமேல் ஏறி நின்றார்கள்.

தண்ணீர் ஏறும்போது எல்லாரும் ஜாக்கிரதையாக இருக்கிறோம். அது வடிந்ததும் அவசரப்படுகிறோம். கேடு அங்கேதான் இருக்கிறது. என் சொந்தத் தவற்றையே சொல்கிறேன். ஒரு வெள்ளத்தில் என் லயத்து வீட்டில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. வடிந்த மறுநாள் நான் பெரட்டுக்குப் போய்விட்டேன். ஒரு நாள் சம்பளம் போய்விடுமே என்ற பயம். என் மனைவியும் பிள்ளைகளும் வெறுங்காலோடு சேற்றை வாரினார்கள். மாலையில் நான் வந்து, மிச்சச் சேற்றின்மேலேயே ஒரு புட்டி குளோராக்ஸை ஊற்றினேன். பொங்கல் வருகிறதே என்று ஈரப் பலகையின்மேல் சாயமும் அடித்தேன். ஒரு மாதத்தில் சாயம் உரிந்தது, சுவரெல்லாம் கறுப்புப் பூசணம் பூத்தது, என் சின்னவனுக்கு இருமல் நிற்கவில்லை. நான் செய்யாத வேலை ஒன்றுமில்லை. வரிசை மாற்றிச் செய்தேன், அவ்வளவுதான்.

ஆகவே வரிசையைச் சொல்கிறேன், மனத்தில் வையுங்கள்.

முதலாவது, மின்சாரம். மெயின் சுவிட்ச் அணைந்திருக்கிறது என்று உறுதியாகத் தெரியாமல் வீட்டுக்குள் கால் வைக்காதீர்கள். தண்ணீரில் நின்றுகொண்டு சுவிட்சைத் தொடாதீர்கள். நனைந்த பிளக்கையும் விசிறியையும் மின்சார வேலை தெரிந்தவர் பார்த்த பிறகே போட வேண்டும்.

இரண்டாவது, கால்களும் கைகளும். பூட்ஸும் கையுறையும் இல்லாமல் சேற்றில் இறங்கக் கூடாது. எலியின் சிறுநீர் வெள்ளத்தில் கலந்திருக்கும். அதிலுள்ள கிருமி, பால்வெட்டுக் கத்தி பட்ட சிறு காயத்தின் வழியாகக்கூட உடம்பில் நுழையும். ஓரிரு வாரம் கழித்துக் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று வந்தால் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுப் படுத்துவிடாதீர்கள். டாக்டரிடம் போய், "நான் வெள்ளச் சேற்றில் வேலை செய்தேன்" என்று வாய் திறந்து சொல்லுங்கள். அந்த ஒரு சொல் உயிரைக் காக்கும். மெலியோய்டோசிஸ் என்ற நோயைத் தரும் கிருமியும் நம் நாட்டு மண்ணிலேயே வாழ்கிறது. நீரிழிவுக்காரர்களை அது கடுமையாகத் தாக்கும். அவர்கள் சேற்று வேலையைப் பிறரிடம் விட்டுவிட வேண்டும்.

மூன்றாவது, சேறு. ஈரமாக இருக்கும்போதே வழித்து வெளியேற்றுங்கள். காய்ந்தால் கல்லாகும், தூசியாகிப் பறக்கும். பழைய லயங்களில் வீட்டுக்கடியில் காலியிடம் உண்டு. அங்கே தங்கும் சேற்றையும் விறகையும் நாம் மறந்துவிடுகிறோம். கீழே ஈரம் இருக்கும் வரை மேலே பலகை காயாது.

நான்காவது, கழுவுதல். முதலில் சவர்க்காரமும் நல்ல தண்ணீரும். அதற்குப் பிறகே மருந்து. அழுக்கு இருந்தால் குளோராக்ஸின் சக்தி அழுக்கிலேயே செலவாகிவிடும். 19 லிட்டர் தண்ணீருக்குக் கால் லிட்டர் போதும். பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள். ஓர் எச்சரிக்கை: பால் உறைய ஊற்றும் ஆசிட்டையோ வேறு எந்த ஆசிட்டையோ குளோராக்ஸோடு சேர்க்காதீர்கள். விஷ வாயு கிளம்பும். வெள்ளத்தில் மிதந்து வந்த களைக்கொல்லி டின்களைக் கழுவித் தண்ணீர் பிடிக்கவும் வேண்டாம்.

ஐந்தாவது, உலர்த்துதல். இதற்குத்தான் பொறுமை வேண்டும். ஜன்னலையும் கதவையும் திறந்து வையுங்கள், தரை விரிப்பை எடுத்துவிடுங்கள். ஒன்றிரண்டு நாளிலேயே பூசணம் பிடிக்கும். பலகை உள்வரை காயாமல் சாயம் அடிக்காதீர்கள். நனைந்த மெத்தை, தலையணை, அரிசி, மாவு இவற்றை மனசில்லாவிட்டாலும் எறியுங்கள். குடிநீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள். வீட்டைச் சுற்றியுள்ள டின், டயர், பால் மங்கு யாவற்றையும் கவிழ்த்து வையுங்கள். பத்து நாளில் அதிலிருந்து டிங்கிக் கொசு பறக்கும்.

இனி கிராணிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். பிறப்புப் பத்திரம் இல்லாமல் நம் பிள்ளைகள் பள்ளிக்கும் அடையாள அட்டைக்கும் அலைந்த கதை உங்களுக்குத் தெரியும். நனைந்த பத்திரத்தைத் தேய்க்கக் கூடாது, வெயிலில் போடக் கூடாது. நிழலில் விரித்துக் காற்றில் உலர்த்த வேண்டும். இதை வீடு வீடாகச் சொல்லுங்கள். எதையும் எறிவதற்கு முன் கைபேசியில் படம் எடுத்து, வீட்டு எண், பொருள், சேதம் என்று பட்டியல் எழுதிக் கொடுங்கள். எழுதத் தெரிந்த கை செய்ய வேண்டிய உதவி இதுவே. பட்டியல் இல்லாமல் நிவாரணம் கேட்கப் போனால் பேச்சு நிற்காது.

நிர்வாகத்துக்கும் கடமை உண்டு. தொழிலாளர் குடியிருப்புக்கான குறைந்தபட்சத் தரங்களைப் பற்றிய 1990-ம் ஆண்டின் 446-ம் சட்டம், தொழிலாளிக்குக் கொடுத்த வீட்டைப் பழுதின்றி வைத்திருக்கும் பொறுப்பை முதலாளியின் மேல் வைக்கிறது. சேற்றை வாருவது நம் கை. இற்றுப்போன பலகையையும் கெட்டுப்போன மின்கம்பியையும் மாற்றுவது அவர்கள் கை. பட்டியலோடு கேட்போம், மரியாதையாகக் கேட்போம், விடாமல் கேட்போம்.

கடைசியாக ஒன்று. சேறு வாருவது பெண்பிள்ளைகள் வேலை என்று ஆண்கள் காட்டுக்குப் போய்விடுவது இனிமேல் வேண்டாம். லயத்துக்கு ஐந்து பேர் கொண்ட குழுவை இன்றே அமைப்போம். முதியவர் வீடும், கைக்குழந்தை உள்ள வீடும் முதலில். கிளை நிர்வாகிகள் வீடு கடைசியில். கோத்தோங் ரோயோங் என்று நாம் சொல்வது இதைத்தான். தெளிக்கும் மருந்தும் பூட்ஸும் வாங்கக் கிளை நிதியிலிருந்து பணம் ஒதுக்கும் தீர்மானத்தை உங்கள் முன் வைக்கிறேன். கை தூக்கி ஆதரியுங்கள். கை தூக்கியவர்கள் வெள்ளம் வடிந்த அன்று மண்வெட்டியோடும் வாருங்கள்.