சங்கத்துக் காசும் வற் வரியும்

(பிள்ளைக்காம்பராவில் நடந்த சங்கக் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் பேசியது)



போன கூட்டத்தில ஒரு தம்பி எழும்பிக் கேட்டார்: "சேர், அமெரிக்காவில தர்ம ஸ்தாபனம் சாமான் வாங்கினா வரி இல்லையாமே? நாங்களும் தர்மத்துக்குத்தானே கதிரை வாங்குறோம். நாங்க மட்டும் ஏன் கட்டணும்?" அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

அங்கே விற்பனை வரி மாநிலத்துக்கு மாநிலம் வேறு. டெக்சஸில் மாநில அரசுக்கு விண்ணப்பித்து அனுமதி பெற்ற தர்ம ஸ்தாபனம், கடையில் ஒரு சான்றுப் பத்திரம் கொடுத்து வரியில்லாமல் வாங்கலாம். நியூயோர்க்கில் பணமும் ஸ்தாபனத்தின் பணமாகவே இருக்க வேண்டும். தலைவர் தன் கைக்காசைக் கட்டிவிட்டுப் பிறகு ஸ்தாபனத்திடம் வாங்கிக்கொண்டாலும் சலுகை கிடையாது. கலிபோர்னியாவிலோ தர்ம ஸ்தாபனங்களுக்குப் பொதுவான விலக்கே இல்லை. தம்பி கேள்விப்பட்டது பாதிக் கதை.

நமக்கு இங்கே இருப்பது வற் என்கிற பெறுமதி சேர் வரி. 2002 ஆகஸ்டில் வந்தது. 2024 ஜனவரி 1 முதல் நூற்றுக்கு 18. சங்கம், கோயில் என்று பெயர் சொன்னதற்காகக் கடைக்காரர் அதைக் கழிக்க முடியாது. 40,000 ரூபா கதிரைக்கு 7,200 ரூபா வரி. பல இடங்களில் விலைக்குள்ளேயே அது அடங்கியிருக்கும்.

ஆனால் இன்னொன்று இருக்கிறது, இதைத்தான் கவனமாகக் கேட்க வேணும். வற்றுக்குப் பதிந்த கடைக்காரர்தான் அந்த வரியை அறவிடலாம். வாங்கிய காசை இறைவரித் திணைக்களத்துக்குக் கட்டவும் வேண்டும். பதியாதவர் "வற்" என்று சொல்லி வாங்கினால் அது வரியே இல்லை, அவருடைய பைக்குத்தான் போகும். போன வருசம் ஒரு சங்கத்தார் என்னிடம் பில் கொண்டுவந்தார்கள். அடியில் பேனையால் "வற் 18" என்று எழுதியிருந்தது, இலக்கம் இல்லை. தலைவரையும் கூட்டிக்கொண்டு போய் இலக்கத்தைக் கேட்டோம். கடைக்காரர் ஒன்றும் பேசவில்லை, லாச்சியைத் திறந்து காசை எண்ணி வைத்தார். சந்தா சந்தாவாகச் சேர்ந்த காசு அல்லவா!

வற் இலக்கத்தின் கடைசியில் 7000 என்று இருக்கும். அதைப் பாருங்கள். பில்லைச் சங்கத்தின் பெயரிலேயே போடச் சொல்லுங்கள். சந்தேகம் என்றால் காசு கொடுக்க முந்தி, பில்லோடு சங்கப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு வேலை விட்ட பிறகு ஆபீசுக்கு வாங்க, பார்ப்போம்.