பதினைந்து டொலர் திரும்பி வந்தது, மற்றது?



குறைந்தபட்சச் சம்பளம் எண்டு கதை தொடங்கினால் எல்லாரும் கேட்கிறது ஒரு எண்ணைத்தான்: மணிக்கு எவ்வளவு? நான் அந்த எண்ணுக்குப் பின்னால நிண்ட வாசகங்களைப் பற்றிக் கதைக்கப் போறன்.

ஒன்ராறியோவில் 2017 நவம்பரில் 148ஆம் இலக்கச் சட்டமூலம் நிறைவேறியது. 11.60 டொலராக இருந்த சம்பளம் 2018 ஜனவரியில் 14 ஆனது. அடுத்த ஜனவரியில் 15 ஆகியிருக்க வேண்டும். கூடவே வருசத்துக்கு இரண்டு நாள் சம்பளத்தோட அவசர லீவு. ஏஜென்சி மூலம் வந்தவருக்கும் அதே வேலையைச் செய்யிற நிறுவனத் தொழிலாளிக்கும் ஒரே சம்பளம். இந்தக் கடைசி வாசகம்தான் எங்கட ஆக்களுக்குப் பெரிசு. விடிய முன்னம் ஏஜென்சி வானில ஏறி, வெதுப்பகத்திலயும் பொதிசெய்யிற இடத்திலயும் நிண்ட அம்மாக்களை உங்களுக்குத் தெரியும். பக்கத்தில நிண்டு அதே பெட்டியைக் கட்டினவருக்கு ஒரு சம்பளம், இவைக்கு வேற.

முதலாளிமார் சும்மா இருக்கேல்லை. கோபர்க் நகரில ரிம் ஹோர்ட்டன்ஸ் கிளைகளில் சம்பளத்தோட இருந்த இடைவேளையை வெட்டினார்கள். சாப்பாட்டுக் கடை விலைகளும் ஏறின. வேலையெல்லாம் அழிஞ்சுபோகும் எண்டினமே? 2017இல் 6.0 வீதமாக இருந்த மாகாணத்தின் வேலையின்மை 2018இல் 5.6 ஆகியது. சம்பள உயர்வாலதான் குறைஞ்சது எண்டு நான் சொல்ல வரேல்லை. சொன்ன அழிவு வரேல்லை, அவ்வளவுதான்.

சின்னக் கடைக்காரரின்ர கஷ்டம் பொய்யில்லை. ஒரே அடியில 2.40 டொலர் கூடினது பாரம்தான். ஆனால் அவையின்ர கணக்கில கடை வாடகையும் இருக்கு. வெட்டலாம் எண்டு கண்ணில படுறது தொழிலாளியின்ர மணித்தியாலம் மட்டும்தான்.

டக் போர்ட் அரசு 2018 நவம்பரில் 47ஆம் இலக்கச் சட்டமூலத்தால் இதையெல்லாம் சுருட்டியது. 2020 அக்டோபர் வரை 14 டொலர் அசையவில்லை. 15 வந்தது 2022 ஜனவரியில், மூன்று வருசம் பிந்தி. கிழமைக்கு 40 மணித்தியாலம் உழைச்சவருக்கு 2019இல் மட்டும் ஏறத்தாழ 2,000 டொலர் நட்டம்.

கொவிட் வந்தபோது சம்பளத்தோட ஒரு நாள் சுகயீன லீவு கூட மாகாணச் சட்டத்தில் இல்லை. 2021 ஏப்ரலில்தான் மூன்று நாள் கொடுத்தார்கள், அதுவும் தற்காலிகமாக. காய்ச்சலோட வேலைக்குப் போனவையைத் திட்டின எங்கட ஆக்களும் இதைக் கவனிக்கேல்லை.

தேர்தல் கிட்ட வர 15 டொலர் திரும்பி வந்தது. ஏஜென்சிக்காரருக்கான சம சம்பளம் வரேல்லை. அடுத்த முறை கோரிக்கை எழுதேக்க அதை முதல் வரியில போடுங்கோ.