நன்னூல் நம் வீட்டுக்குள் வரட்டும்!

(தமிழ்ப் பெற்றோர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

 

வீட்டில் இருந்தபடியே பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிப்பது எவ்வாறு என்று பேசுமாறு பணித்தீர்கள். இரு தலைமுறைக்கு முன் இக்கேள்வி எழுந்திருந்தால் நகைத்திருப்போம். தமிழ்நாட்டில், தமிழ் பேசும் வீட்டில், தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழைத் தனியே கற்பிக்க வேண்டுமா என்று கேட்டிருப்போம். இன்று நகைப்பு வரவில்லை, நாணம் வருகின்றது.

2006-ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் பள்ளிகளில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வழிவகுத்தது. நல்லதே. ஆயினும் பாடமாய் இருப்பது வேறு. பயிற்றுமொழியாய் இருப்பது வேறு. கணக்கும் அறிவியலும் வரலாறும் ஆங்கிலத்திலே கற்கும் பிள்ளைக்குத் தமிழ் ஒரு பாடவேளை மட்டும் வந்துபோகும் விருந்தாளி. பயிற்றுமொழிப் போராட்டத்தை நாம் விட்டுவிடப் போவதில்லை. ஆனால் அது வெல்லும்வரை பிள்ளை வளராமல் காத்திருக்குமா? ஆதலின் இன்று மாலையே நம் வீட்டில் செய்யத்தக்கது யாது என்பதே என் பேச்சு.

வீட்டுக்கல்வி நமக்குப் புதியதன்று. 1822-இல் சென்னை மாகாண ஆளுநர் தாமசு மன்றோ, மாவட்டந்தோறும் எத்தனை பள்ளிகள் உள, எத்தனை பேர் கற்கின்றனர் என்று கணக்குக் கேட்டார். 1826-இல் தொகுக்கப்பெற்ற அக்கணக்கில் பள்ளிகள் 12,498. சென்னை நகரில் மட்டும் வீட்டிலேயே கற்ற பிள்ளைகள் 26,000-க்கு மேல் என்றும், அது பள்ளி சென்றோரைப் போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு என்றும் அதில் இருந்தது. அவ்வெண் மிகை என்று மன்றோவே ஐயுற்றார். ஆயினும் உறவினரிடமோ தனியாசிரியரிடமோ வீட்டில் கற்கும் வழக்கம் நாட்டில் எங்கும் உண்டு என்பதை அவரும் ஏற்றார்.

அக்காலத்துக் கல்வியைக் குறையற்றதென்று நான் போற்ற வரவில்லை. அக்கணக்கில் பெண்மக்கள் மிகச் சிலர். ஒடுக்கப்பட்டோர்க்குக் கதவு பெரும்பாலும் அடைத்தே கிடந்தது. அந்தப் பூட்டு நமக்கு வேண்டா. வீடும் கற்பிக்கும் இடமே என்னும் அந்த எண்ணம் மட்டும் நமக்கு வேண்டும்.

எவ்வாறு கற்பிப்பது? ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகட்கு முன், சீயகங்கன் வேண்டப் பவணந்தியார் இயற்றிய நன்னூலைத் திறவுங்கள். எழுத்துக்கும் சொல்லுக்கும் முன்னே பொதுப்பாயிரம் நிற்கின்றது. ஆசிரியன் யார், மாணாக்கன் யார், கற்பிப்பது எப்படி, கேட்பது எப்படி என்று அது வகுத்துரைக்கின்றது. தேர்வுக்கு வாராது என்று பலரும் புரட்டிவிட்டுப் போகும் பக்கங்கள் அவை.

கற்பிப்போன் காலமும் இடமும் அறிய வேண்டும், சொல்லப் போவதைத் தன் உள்ளத்தில் முன்னரே அமைத்துக்கொள்ள வேண்டும், விரையக் கூடாது, வெகுளக் கூடாது, விருப்போடும் மலர்ந்த முகத்தோடும், கேட்போனின் கொள்ளும் ஆற்றல் அறிந்து சொல்ல வேண்டும். இது நன்னூல் வகுத்த முறை. அதனோடு, ஆசிரியராகத் தகாதார்க்கு நான்கு உவமைகளும் சொல்கின்றது. கழற்காய் இட்ட குடம், இட்ட முறை மாறிக் கொட்டும். மடல் சூழ்ந்த பனை, தானே பழத்தை உதிர்த்தாலன்றி ஏறிப் பறிக்க விடாது. பஞ்சு அடைத்த குண்டிகையில் அடைப்பதும் அரிது, எடுப்பதும் அரிது. நான்காவது முடத்தெங்கு. நீர் ஊற்றியவன் ஒருவன். அது வளைந்து காய் தருவதோ அடுத்த வீட்டானுக்கு.

அன்பர்களே, அந்த முடத்தெங்கு நான்தான். முப்பது ஆண்டுகளாய்ப் பிறர் மக்களுக்குத் தமிழ் கற்பித்தேன். வகுப்பில் ஒரு புணர்ச்சி விதியை நான்கு முறை கேட்டாலும் முகம் சுளியாமல் சொல்வேன். வீடு திரும்பினால் களைப்பு. என் மகள் சுவடியோடு வந்து நின்றால், "தமிழாசிரியன் மகளுக்கு இதுகூடத் தெரியாதா?" என்று சீறுவேன். ஒருநாள் அவள் சுவடியை மூடிவைத்துவிட்டு, "இனி உங்களிடம் கேட்கமாட்டேன் அப்பா" என்றாள். சொன்னபடியே கேட்கவுமில்லை. பள்ளி முடித்துத் தமிழை முற்றாக விட்டாள். விரையாதே, வெகுளாதே என்னும் நூற்பாவை நூறு முறை நடத்தியவன், அதை என் வீட்டு வாயிலிலேயே செருப்போடு கழற்றி வைத்துவிட்டேன். வீட்டில் தமிழ் சாவதற்கு ஆங்கிலம் மட்டுமே கரணியமன்று. நம் சினமும் கரணியம்.

இனி மாணாக்கர். பாலைப் பிரிக்கும் அன்னமும், மேய்ந்தபின் அசைபோடும் ஆவும் தலையாயவர். உழைப்புக்கேற்ப விளையும் மண்ணும், சொன்னதையே சொல்லும் கிளியும் இடையாயவர். ஒழுகும் குடமும், செடிக்குச் செடி தாவும் ஆடும், நீரைக் கலக்கும் எருமையும், நெய்யை விட்டுக் கசடு பிடிக்கும் பன்னாடையும் கடையாயவர். இன்றைய தேர்வுமுறை நம் பிள்ளைகளைக் கிளியாக்குகின்றது. கைப்பேசி அவர்களை ஆடாக்குகின்றது. வீடு அவர்களை ஆவாக்க வேண்டும். பள்ளியில் மேய்ந்ததை மாலையில் அசைபோட இடந்தருவதே வீட்டின் வேலை. பாடம் சொல்லத் தகாதார் என்றும் நன்னூல் சிலரை ஒதுக்குகின்றது. அந்த ஒரு நூற்பா மட்டும் வீட்டில் செல்லாது. தாய்க்குத் தள்ளத்தக்க பிள்ளை இல்லை.

இங்கே தாய்மார் கேட்பீர்கள்: "நாங்களும் ஆங்கில வழியில் படித்தவர்கள். எங்களுக்கே இலக்கணம் தெரியாதே! எப்படிக் கற்பிப்போம்?" இக்கேள்விக்கும் பவணந்தியார் விடை வைத்திருக்கின்றார். ஆசிரியர் சொன்னதை முற்றும் கேட்டாலும் புலமையில் காற்கூறுதான் கிட்டும். உடன் பயில்வாரோடு பழகினால் மற்றொரு காற்கூறு. எஞ்சிய அரைக்கூறு? தான் பிறர்க்கு எடுத்துரைக்கும்போது வருவது. பாதிக் கல்வி கற்பிப்பதில் இருக்கின்றது, அன்பர்களே!

இது வெறுங்கொள்கையன்று. சென்னை எழும்பூரில், படைவீரர்களின் பெற்றோரற்ற பிள்ளைகளுக்கான இல்லத்தை 1789 முதல் நடத்தியவர் ஆந்திரு பெல் என்னும் இசுக்காட்லாந்துக்காரர். நம் நாட்டுப் பள்ளியொன்றில் சிறுவர் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதைத் தம் இல்லத்தில் புகுத்தினார். மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிக்கும் முறையையும் அங்கே நிலைநாட்டினார். 1797-இல் இங்கிலாந்தில் அதை நூலாக வெளியிட்டார். அம்முறை அங்கே 'சென்னை முறை' என்றே பெயர் பெற்றது. நம் மண்ணில் கண்டதை அவர்கள் கொண்டுபோய்ப் பயன்கொண்டார்கள். நாம் இழந்து நிற்கின்றோம்.

ஆகவே வீட்டில் இவற்றைச் செய்யுங்கள். நாள்தோறும் அரைமணி நேரம், ஒரே வேளை, ஒரே இடம். அப்போது கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும். உங்களுடையதும் அங்கேயே இருக்கட்டும். பள்ளியில் கற்ற தமிழ்ப் பாடத்தைப் பிள்ளை ஆசிரியனாய் இருந்து உங்களுக்குச் சொல்லட்டும். நீங்கள் அறியாதிருப்பது குறையன்று; மாணாக்கராய் அமர்ந்து கேளுங்கள், ஐயம் எழுப்புங்கள். அறிவியலில் ஆங்கிலத்தில் கற்றதைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். சொல் கிடைக்காமல் தடுமாறும் இடத்தில் இருவரும் சேர்ந்து அகரமுதலியைப் புரட்டுங்கள். உடன்பயில்வார் தரும் காற்கூறு தனிவீட்டில் கிட்டாது. அதற்காக, விடுமுறை நாளில் தெருப் பிள்ளைகளை ஒரு திண்ணையில் கூட்டுங்கள். யார் வீட்டுப் பிள்ளை, எந்தச் சாதி என்று கேளாதீர்கள். திங்களுக்கொரு முறை ஊரிலுள்ள பாட்டிக்கோ மாமனுக்கோ தமிழில் ஒரு மடல் எழுதட்டும். பிழை இருக்கும், இருக்கட்டும். முதலில் எழுத்து வரட்டும், பிறகு திருத்தம் வரலாம்.

என் மகள் இப்போது தாய். அவள் மகளுக்கு ஐந்து அகவை. சென்ற கோடையில் அச்சிறுமி ஒரு பலகையைச் சுவரில் சாய்த்து, என்னைத் தரையில் அமர்த்தி, அகரம் முதல் கற்பித்தாள். வேண்டுமென்றே ழகரத்தைப் பிழைபட ஒலித்தேன். அவள் சினக்கவில்லை. "மறுபடி சொல்லுங்க தாத்தா" என்றாள். அடுக்களை வாயிலில் நின்று என் மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்பு அவளும் வந்து என் அருகே அமர்ந்தாள். அவளுக்கு நான் தரத் தவறிய பொறுமையை அவள் மகளிடம் நான் கற்றேன்.

சட்டம் தமிழைப் பள்ளிக்குள் கொண்டுவரலாம். நாவுக்குள் கொண்டுவருவது வீடே. இன்று மாலை தொடங்குங்கள்.

வாழ்க தமிழ்! வெல்க தமிழர்!