பூனை மேல் மட்டும் பழி

பூனை வளர்க்கும் வீட்டில் ஒரு பெண் கருவுற்றால் முதலில் எழும் பேச்சு, "அதைக் கொண்டுபோய் எங்கேயாவது விட்டுடு" என்பதுதான். அந்தப் பயத்துக்குப் பெயர் டாக்ஸோபிளாஸ்மா. 1908இல் துனிஸ் நகரில் ஒரு கொறிவிலங்கின் உடலில் கண்டறியப்பட்ட ஒட்டுண்ணி.

கிருமி ஒன்றுதான். அது யாரை, எப்போது பிடித்தது என்பதை வைத்தே மருத்துவர்கள் நோயைப் பிரிக்கிறார்கள்.

திடகாத்திரமானவருக்கு வந்தால் பெரும்பாலும் வந்ததே தெரியாது. சிலருக்குக் கழுத்தில் நெறி கட்டும், சில வாரம் அசதி இருக்கும், தானே சரியாகும். ஆனால் கிருமி வெளியேறுவதில்லை. தசையிலும் மூளையிலும் உறைகட்டி ஆயுளுக்கும் உறங்கும். எச்.ஐ.வி.யாலோ, உறுப்பு மாற்றத்துக்குப் பின் சாப்பிடும் மருந்தாலோ எதிர்ப்புச் சக்தி சரிந்தால் மூளையில் விழித்துக்கொள்ளும். வலிப்பு வரும், ஒரு பக்கம் கை கால் தளரும். அது புதிதாகத் தொற்றியது அல்ல, பெரும்பாலும் பழைய குடித்தனக்காரர்தான்.

கர்ப்பிணி விஷயத்தில் கணக்கு விசித்திரமானது. முதன்முறையாகக் கர்ப்ப காலத்தில் தொற்றினால்தான் பெரும்பாலும் ஆபத்து. ஆரம்ப மாதங்களில் என்றால் குழந்தைக்குப் போவது அபூர்வம், போனால் பாதிப்பு கடுமை. கடைசி மாதங்களில் சுலபமாகப் போய்விடும். பிள்ளை நன்றாகவே பிறக்கும், பல ஆண்டு கழித்துக் கண்ணில் தெரியும். முன்பே தொற்றியிருந்த தாய்க்குப் பொதுவாக இந்தக் கவலை இல்லை.

இந்தக் கிருமியால் கண் நோய் என்றாலே பிறவியில் வந்ததன் மிச்சம் என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். 2004–05இல் கோயம்புத்தூரில் 248 பேர் கண் பாதிப்போடு வந்தார்கள். எல்லாம் புதிதாகத் தொற்றியவை! சந்தேகம் விழுந்தது நகரின் குடிநீர் மேல். பூனையின் எச்சம் கலந்த மண்ணும் நீரும், அரைவேக்காட்டு இறைச்சியும், கழுவாத கீரையும் இந்தக் கிருமிக்கு வழிதான்.

பூனையின் எச்சம் வெளியே வந்ததுமே தொற்றாது. கிருமி முதிர ஒன்று முதல் ஐந்து நாள் ஆகும். ஆகவே பூனையை விரட்ட வேண்டாம். அதன் மணல் தட்டைத் தினமும் சுத்தம் செய்தால் போதும். அந்த ஒரு வேலையை மட்டும் பிரசவம் வரை வீட்டுக்காரர் பார்க்கட்டும்.