ஒன்றைப் பற்றி நிற்றல்



இன்று வீணை, நாளை சித்திரம், மறுநாள் சோதிடம் என இளைஞர் மனம் தாவுதல் இயல்பே. அதனைக் குற்றமென்று கூறேன். தனக்கு உரியது எதுவென அறியப் பலவற்றையும் சுவைத்தல் வேண்டும். அறிந்தபின் ஏனையவற்றை விடுதலே அரிது.

உ. வே. சாமிநாதையர் இளமையில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசை பயின்றார். தமிழாசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அதனை விரும்பாமையின், அப்பயிற்சியை நீத்தார். நீத்தது அற்பமன்று, இனியதோர் கலை. 1880-இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார் தூண்டச் சிந்தாமணியை ஆராயப் புகுந்து, ஏடு பல ஒப்புநோக்கி, 1887-இல் அச்சிட்டார். பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் புறநானூறும் மணிமேகலையும் பின்தொடர்ந்தன. 1942-இல் மறையுமளவும் அப்பணி ஓயவில்லை.

ஆதலின், அன்பர்களே, எதனைப் பற்றுவது என்பதோடு, அதன்பொருட்டு எதனை விடுவது என்பதையும் இன்றே சிந்திப்பீராக.